காந்தத்தை அடியில் வைத்துக் காட்டி ஏமாற்றுகிறார்கள்: வேலூரில் எனாமல் இரும்புப் பாத்திரம் வாங்கப் போகிறவர்களுக்கு

எனாமல் பூசிய வார்ப்பிரும்பு டச்சு ஓவன் (கனமான மூடி போட்ட ஆழமான சமையல் பாத்திரம்), அதிலும் ஓவல் வடிவத்தில் வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். வேலூர் டவுனில் ஒரு பாத்திரக் கடையில் 6,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது இரும்பே இல்லை. அலுமினிய வார்ப்பின் மேல் நான்ஸ்டிக் பூச்சு அடித்து, அடியில் மட்டும் இரும்புத் தகடு பதித்து, எனாமல் காஸ்ட் அயர்ன் என்று விற்றுவிட்டார்கள். புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயரை எழுதவில்லை. ஆனால் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வித்தை ஒரு கடையோடு நின்றுவிடாது.

எனக்கு ஓவல் வேண்டியிருந்ததற்குக் காரணம் ஆட்டுத் தொடை. கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் தொடையை எலும்போடு முழுசாக வேகவைப்போம். வட்டமான டேக்சாவில் வைத்தால் முழங்கால் எலும்பு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், மூடி உட்காராது. எனாமல் வேண்டும் என்றதற்கும் காரணம் உண்டு. வெறும் இரும்புச் சட்டியில் புளியோ தக்காளியோ தயிரோ நேரம் கிடந்தால் குழம்பு கறுத்து, இரும்பு வாடை ஏறிவிடும். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வைக்கும் கத்திரிக்காய் தொக்கை அதில் இறக்கி வைக்கவே முடியாது. எனாமல் என்பது பெயின்ட் இல்லை. கண்ணாடித் தூளை இரும்பின் மேல் பூசி, சுமார் 800 டிகிரி சூட்டில் உருக்கி ஒட்டவைப்பது. புளிப்புக்கும் இரும்புக்கும் நடுவில் கண்ணாடி நிற்பதால் ருசி கெடாது. பிரான்ஸில் லெ குரூசே கம்பெனி 1925 முதல் இப்படித்தான் செய்துவருகிறது. அதன் விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது என்பதால்தான் உள்ளூர்க் கடையில் தேடினேன்.

கடைக்காரர் எடுத்து வைத்தது பார்க்க அழகாகவே இருந்தது. வெளியே கருநீலம், உள்ளே வெள்ளை. இரும்புதானா என்று கேட்டேன். கல்லாவிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார், பாத்திரத்தைக் கவிழ்த்து அடிப்பாகத்தில் வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. "இன்னாக்கா, காந்தமே வச்சிக் காட்டறேன், இதுக்கு மேல இன்னா வேணும்? எக்ஸ்போர்ட் சரக்குக்கா. தைரியமா எடுத்துனு போங்க, உங்க பேரப் பசங்க காலம் வரைக்கும் வரும்" என்றார். அட்டைப் பெட்டியிலும் எனாமல் காஸ்ட் அயர்ன் என்று பெரிய ஸ்டிக்கர் இருந்தது. பில் கேட்டதற்கு எஸ்டிமேட் என்று அச்சடித்த துண்டுச் சீட்டில் ஓவல் பாட் ஒன்று என்று எழுதிக் கொடுத்தார். ஜிஎஸ்டி பில் வேண்டுமென்றால் வரி தனியாக ஆகும் என்றார்.

முதல் சமையலிலேயே குட்டு வெளிப்பட்டது. தொடையைச் சுற்றிலும் சிவக்க வறுத்துக்கொண்டிருந்தபோது கறி வாசனையோடு பிளாஸ்டிக் கருகுவதுபோல ஒரு நெடி. தொடையைப் புரட்டிப் பார்த்தால், பர்னருக்கு நேர் மேலே இருந்த இடத்தில் வெள்ளைப் பூச்சு அம்மைக் கொப்புளம்போல உப்பியிருந்தது. மரக்கரண்டியின் ஓரம் பட்டதும் தோலாக உரிந்து வந்தது. அடியில் தெரிந்தது பளபளவென்று வெள்ளியாக ஒரு உலோகம். வார்ப்பிரும்பு அப்படி இருக்காது, கருஞ்சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். எனாமலும் அப்படி உரியாது. கண்ணாடி என்பதால் உடைந்தால் சில்லாகத் தெறிக்கும், ஒருநாளும் தோலாக உரிந்து வராது. தொடை மொத்தத்தையும் கொட்டினேன். விருந்தாளிகளுக்கு வைத்திருந்த கறி, குழந்தைகளும் சாப்பிடுவதாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. சாதாரண நான்ஸ்டிக் பூச்சு 260 டிகிரியைத் தாண்டினால் கெட ஆரம்பித்துப் புகை விடும். இரும்புப் பாத்திரம் என்று நம்புகிறவர்கள் சூட்டை அந்த அளவுக்கு ஏற்றத்தான் செய்வார்கள். இது வெறும் பண விஷயம் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

பாத்திரத்தைக் கழுவிவிட்டு, பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை வைத்துப் பார்த்தேன். அடியில் ஒட்டுகிறது. பக்கவாட்டில் வைத்தால் வழுக்கிக் கீழே விழுகிறது. மூடியிலும் ஒட்டவில்லை. இன்டக்‌ஷன் அடுப்பில் வேலை செய்வதற்காக அலுமினியப் பாத்திரங்களின் அடியில் இரும்புத் தகடு பதிப்பார்கள். கடைக்காரர் காந்தம் வைத்தது அந்தத் தகட்டில்தான். அடுத்து அட்டைப் பெட்டி. ஈரத்துணியால் ஸ்டிக்கரை ஊறவைத்து உரித்தேன். அதன் அடியில், பெட்டியிலேயே ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது: டை காஸ்ட் அலுமினியம். இது தெரியாமல் நடந்த தவறு என்று இனி யாரும் சொல்ல முடியாது.

திரும்ப எடுத்துக்கொண்டு போனபோது கடைக்காரர் குரலே மாறிவிட்டது. முதலில், நீங்கள் தீயை அதிகமாக வைத்துவிட்டீர்கள் என்றார். அவர் கண் முன்னாலேயே பக்கவாட்டில் காந்தத்தை வைத்தேன். "எனாமல் திக்கா இருக்குதுக்கா, அதான் புடிக்கல" என்றார். எனாமல் பூச்சு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, நல்ல காந்தம் அதைத் தாண்டி இரும்பைக் கவ்விப் பிடிக்கும். கடைசியில், விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது என்று சுவரில் மாட்டியிருந்த போர்டைக் காட்டினார். வேறு கலரில் அதே பாத்திரத்தை மாற்றித் தருவதாகவும் சொன்னார். நான் வாங்கவில்லை.

அந்த போர்டைப் பார்த்துப் பயந்து திரும்பிவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் கொடுக்காமல் இருப்பதும் அதே கணக்கில்தான் வரும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, 2 வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். வெளியூரிலோ ஆன்லைனிலோ வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். எனக்குக் கைகொடுப்பது ஜிபேயில் பணம் அனுப்பிய பதிவு, அந்தத் துண்டுச் சீட்டு, பாதி உரித்த ஸ்டிக்கரோடு எடுத்த போட்டோ. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இன்னும் கஷ்டமாகியிருக்கும்.

வாங்கும்போது காந்தத்தை நீங்களே கொண்டுபோங்கள். பக்கவாட்டில் வையுங்கள், மூடியில் வையுங்கள். எடையையும் பாருங்கள். 29 சென்டிமீட்டர் நீள ஓவல் வார்ப்பிரும்பு, மூடியோடு 5 கிலோ அளவுக்கு இருக்கும். என்னுடையதைக் காய்கறிக் கடைத் தராசில் வைத்தபோது 3 கிலோவைக்கூடத் தொடவில்லை. முறையான பில்லில் ஹெச்எஸ்என் எண் (வரிக் கணக்குக்காகப் பொருளின் வகையைக் காட்டும் குறியீட்டு எண்) போட்டிருந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்: இரும்புப் பாத்திரத்துக்கு 7323 என்று ஆரம்பிக்கும், அலுமினியத்துக்கு 7615. அலுமினிய வார்ப்பு மட்டமான பொருள் என்று நான் சொல்லவில்லை. அதை அதன் பெயரைச் சொல்லி, அதன் விலைக்கு விற்கட்டும்.

அசல் இரும்பே கிடைத்தாலும் ஓவல் உங்களுக்குத் தேவையா என்று யோசியுங்கள். நம் கேஸ் அடுப்பில் பர்னர் வட்டம். ஓவலின் நடுப்பகுதி கொதிக்கும்போது இரண்டு முனைகளும் பின்தங்கி நிற்கும். சிறுதீயில் பொறுமையாகச் சூடேற்றினால் ஓரளவு சமமாகும், அடியில் கனமான தோசைக்கல் போட்டால் இன்னும் நல்லது. முழுத் தொடை, முழுக் கோழி, பெரிய மீன் என்று சமைப்பவர்களுக்கும், ஓவனுக்குள் வைத்து வேகவைப்பவர்களுக்கும் ஓவல் சரி. வெறும் குழம்புக்கும் பிரியாணிக்கும் என்றால் வட்டமே போதும். ஓடிஜி என்ற சிறிய மின்சார ஓவன் வைத்திருப்பவர்கள் இரண்டு பக்கக் காதுகளையும் சேர்த்து நீளத்தை அளந்துகொண்டு போங்கள். இன்னொன்று, நம் பக்கத்தில் தம்முக்கு மூடி மேல் நெருப்புக் கங்கு போடுவோமே, அதை எனாமல் மூடியில் செய்யாதீர்கள். மூடிக் குமிழ் பிளாஸ்டிக் என்றால் கெட்டுப்போகும், எனாமலும் விரிசல் விடும். காலியாகப் பெருந்தீயில் வைப்பதும், சூடான பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. கண்ணாடியும் இரும்பும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் அண்மையில் இதுபோன்ற கருநீல ஓவல் பாத்திரம் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஸ்டிக்கரை உரிப்பதை வீடியோ எடுத்து, வாங்கிய சீட்டோடு எனக்கு அனுப்புங்கள். பலரிடம் ஒரே சரக்கு விற்றிருக்கிறார்கள் என்று காட்ட முடிந்தால் சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.