இன்டர்னல் மார்க்கைத் தாண்டிப் போகும் அசைன்மென்ட்: மூன்று வழிகளில் எது தேறும்?

மார்க் போட்டதும் அசைன்மென்ட் கட்டு துறை அலமாரியில் ஏறும். ஆண்டு முடிந்தால் பழைய பேப்பர் கடை. 2013-இல் அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் வைலி இதற்குத் 'தூக்கியெறியும் அசைன்மென்ட்' என்று பெயர் வைத்தார். மாணவர் எழுதுவது, யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமத்தில் வெளியாகி அடுத்தவருக்கும் உதவட்டும் என்பது அவர் கட்சி.

முதல் வழி, விக்கிப்பீடியாவில் எழுதவைப்பது. சான்றில்லாத வரியை முகம் தெரியாத ஒருவர் வந்து நீக்கும்போது உறைப்பதுபோல் பேராசிரியரின் சிவப்பு மை உறைக்காது. ஆனால் 2011-இல் புனேக் கல்லூரிகளில் நடந்த திட்டத்தில் பலர் பிற நூல்களின் பத்திகளை அப்படியே ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏற்றினார்கள். துடைக்கும் வேலை தன்னார்வலர்கள் தலையில் விழுந்தது, திட்டமும் நின்றது. மாணவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. வரி பிசகாமல் எழுதினால்தான் மார்க் என்று பள்ளியிலேயே பழக்கியவர்கள் நாம்.

இரண்டாவது வழி, பாடநூலையே மாணவர்களோடு உருவாக்குவது. அமெரிக்காவின் பிளிமத் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ராபின் டிரோசா, மாணவர்களோடு சேர்ந்து பழைய அமெரிக்க இலக்கியத்துக்கு ஒரு திறந்த தொகைநூல் உருவாக்கினார். அழகான வேலைதான். ஆனால் காப்புரிமை முடிந்த படைப்புகள் கைவசம் உள்ள இலக்கியத் துறைக்குச் சரி; வெப்ப இயக்கவியல் வகுப்பு என்ன செய்யும்?

என் ஓட்டு மூன்றாவதற்கு: மாணவர்களே தேர்வு வினா எழுதுவது. கனடாவின் குவான்ட்லென் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆசிரியர் ராஜீவ் ஜாங்கியானி, சமூக உளவியல் மாணவர்களை வாரம் நான்கு கொள்குறி வினாக்கள் எழுதவைத்தார். எடுத்த எடுப்பில் முழு வினா அல்ல. முதல் இரண்டு வாரம் கேள்வி, சரியான விடை, இரண்டு தவறான விடைகள் எல்லாம் அவரே தந்துவிடுவார். நம்பும்படி இன்னொரு தவறான விடை மட்டும் மாணவர் எழுதவேண்டும். பிறகு இரண்டு, அப்புறம் மூன்று, கடைசியில் முழு வினாவும் அவர்கள் பொறுப்பு. புனேயில் இல்லாமல்போனது இந்தப் படிக்கட்டுதான்.

தவறான விடை எழுதுவது லேசுப்பட்டதல்ல. வெப்பத்தையும் வெப்பநிலையையும் குழப்பிக்கொள்பவர் எந்த விடையில் விழுவார் என்று யோசிக்க, முதலில் அந்த வேறுபாடு தனக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். காப்பியடிக்கவும் வழி குறைவு.

குறை, ஆசிரியர் பக்கம். 60 பேர் வகுப்பில் வாரம் 240 வினாக்கள் வந்து குவியும். ஒருவரால் படித்து முடியாது. குவான்ட்லெனில் மாணவர்களே சக மாணவர் வினாக்களை மதிப்பிட்டார்கள். நம் வகுப்புகளில் அதோடு, வாரம் இரண்டு வினா என்று குறைத்துக்கொண்டே தொடங்கலாம்.