வேன் ஹீட்டர்: மூன்று மார்கழிக்குப் பிறகு

தேவகோட்டை நண்பர் ஒருவர் டிராவலர் வேன் வாங்கிப் படுக்கை வண்டியாக மாற்றிக்கொண்டிருக்கிறார். உள்ளே சூடேற்றும் டீசல் ஹீட்டரை எங்கே வைக்கலாம் என்று கேட்டார். என்னுடையதைப் போன வாரம்தான் காரைக்குடியில் கழற்றி, கரி சுரண்டி, திரும்ப மாட்டினேன். அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

இந்த ஊர் வெயிலில் ஹீட்டர் எதற்கு என்று கேட்காதவர் இல்லை. எங்களுக்கு வருஷா வருஷம் மார்கழியில் கொடைக்கானல் உண்டு. மன்னவனூர் பக்கம் வண்டியிலேயே படுப்போம்.

முதல் வருஷம் பின்பக்கப் படுக்கைக்கு அடியில் வைத்தேன். அங்கே இடம் காலியாக இருந்தது, வேறு காரணமில்லை. அது பெரிய தப்பு. ஹீட்டர் எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்துப் புகையையும் வெளியேதான் விடும். ஆனால் புகைக்குழாய் பின்கதவுக்கு நேர் கீழே முடிந்தது. ஒரு ராத்திரி கதவைத் திறந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, "என்னங்க, தலை பாரமா இருக்கு" என்றாள் மனைவி. உடனே அணைத்துவிட்டுக் கதவையெல்லாம் திறந்துபோட்டேன். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இப்போது தலைமாட்டில் அதற்கான அலாரம் இருக்கிறது. அது இல்லாமல் யாரும் படுக்காதீர்கள்.

நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிக் கடைசியில்தான் அடுப்படி. வண்டியிலும் புகை போகும் இடத்தை முதலில் பாருங்கள், ஹீட்டருக்கு இடம் அப்புறம். டிரைவருக்கு இடப்பக்க சீட்டுக்கு அடியில் வைத்து, புகைக்குழாயைத் தரைக்குக் கீழாக வலப்பக்க ஓரம்வரை கொண்டுபோனேன். ஏறி இறங்கும் கதவு நமக்கு இடப்பக்கம். பல வெளிநாட்டு வண்டிகளில் வலப்பக்கம். அந்தப் படங்களைப் பார்த்து அப்படியே செய்தால் புகை நேரே கதவுக்கு வரும். குழாய் வண்டிக்கு அடியிலேயே முடியக் கூடாது, பிரேக் லைனையோ டீசல் குழாயையோ தொடவும் கூடாது. தரையில் வெட்டிய ஓட்டைக்கும் ஹீட்டர் தகட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் இறுக்கமாக உட்கார வேண்டும்.

இடம் மாற்றிய பிறகு கிடைத்த சுகத்தை மறைக்க மாட்டேன். வெந்நீர் ஒத்தடம் இல்லாமல் காலை ஊன்ற முடியாத ஆத்தா, விடியற்காலையில் தானாக எழுந்து டீ போட்டார்கள். ராத்திரி முழுக்க எரிந்தாலும் டீசல் ஒன்றரை லிட்டரைத் தாண்டவில்லை.

ஆனால் அந்தப் பம்ப்! டிக், டிக், டிக் என்று விடியவிடிய. ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொட்டு அளவு டீசல் தள்ளுவதுதான் அதன் வேலை, சத்தம் போடாமல் இருக்காது. அதை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் போல்ட் போட்டு முறுக்கியதால் வண்டி முழுக்கக் கேட்டது. ரப்பரில் தொங்கவிட்டேன், பாதி குறைந்தது. மீதிப் பாதி என் காதுக்குள்ளேயே இருக்கிறது. பம்பைப் படுக்கை வசத்திலும் வைக்காதீர்கள். டீசல் வெளியேறும் முனை மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால்தான் காற்றுக் குமிழி தங்காது. குமிழி சேர்ந்தால் நடுராத்திரியில் தீ அணைந்துவிடும். எனக்கு இரண்டு தடவை அணைந்தது.

கரி பிடித்ததற்குக் காரணம் நான்தான். சத்தம் குறையட்டும் என்று எப்போதும் குறைந்த சூட்டிலேயே ஓட்டினேன். 2,000 மீட்டருக்கு மேலே காற்று லேசு, டீசல் சரியாக எரியாது. தினமும் கொஞ்ச நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டுப் பிறகு அணைத்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் அடைத்திருக்காது. அணைத்தாலும் ஃபேன் தானாக நிற்கும்வரை பேட்டரி இணைப்பைத் துண்டிக்காதீர்கள்.

வாங்கலாமா என்றால், வேண்டாம் என்றுதான் இன்றைக்குச் சொல்வேன். வருஷத்துக்கு நாலு ராத்திரிக்காகத் தரையை ஓட்டை போட்டு அந்த டிக் டிக்கைக் கேட்க வேண்டியதில்லை, நல்ல ரஜாய் இரண்டு போதும். ஆத்தாவிடம் கேட்டால் வேறு பதில் வரும். எப்படியும் வைப்பதென்று முடிவு செய்துவிட்டால், தரையை வெட்டுவதற்கு முன்னால் வண்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே கொண்டுவாருங்கள். அடியில் படுத்து, எந்த பீம் எங்கே ஓடுகிறது என்று பார்த்துவிட்டுக் குறி போடலாம்.