புரோ லைன் 21 எம்டிசி: ஆட்டோபைலட் கோளாறைத் தேடும்போது எவ்வளவு நம்பலாம்?

"ஆட்டோபைலட் தானாகக் கழன்றது", அதாவது பறக்கும்போது தானே அணைந்துவிட்டது. பைலட் எழுதிவைக்கும் புகார் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான். காலின்ஸ் நிறுவனத்தின் புரோ லைன் 21 என்ற காக்பிட் எலக்ட்ரானிக்ஸ் தொகுப்பு உள்ள சைட்டேஷன் சிஜே3, ஹாக்கர் 850எக்ஸ்பி போன்ற ஜெட்களில் மிச்சக் கதையைச் சொல்வது எம்டிசி, அதாவது மெயின்டனன்ஸ் டயக்னாஸ்டிக் கம்ப்யூட்டர், கோளாறுகளைப் பதிவு செய்யும் பெட்டி. லேப்டாப் வேண்டாம், காக்பிட்டில் உள்ள எம்எஃப்டி (மல்டி ஃபங்ஷன் டிஸ்ப்ளே) திரையிலேயே படிக்கலாம். அந்த வசதிக்கே ஒரு சபாஷ்.

முதலில் 28 வோல்ட் ஜிபியு (தரையிலிருந்து மின்சாரம் தரும் யூனிட்) போடுங்கள். பேட்டரியிலேயே ஓட்டினால் வோல்டேஜ் இறங்கி, புதிய கோளாறுகள் பதிவாகிப் பழையதோடு கலந்துவிடும். பிறகு கோளாறு வரலாற்றைத் திறந்து, ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். எதையும் அழிப்பது அதற்கு அப்புறம்தான்.

வரலாற்றுப் பக்கத்தோடு நிறுத்திவிடக் கூடாது. ஃப்ளைட் கைடன்ஸ் டயக்னாஸ்டிக்ஸ் பகுதிக்குள் போய் டிஸ்எங்கேஜ் கோடு (ஏன் கழன்றது என்பதற்கான குறியீடு), ரிப்பேர் கோடு (எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதற்கான குறியீடு) இரண்டையும் எடுக்க வேண்டும், அதுவும் இடது, வலது எஃப்ஜிசி-3000 (ஃப்ளைட் கைடன்ஸ் கம்ப்யூட்டர்) இரண்டிலிருந்தும். இரண்டும் சேர்ந்துதான் ஆட்டோபைலட்டை ஓட்டுகின்றன. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து கம்ப்யூட்டர் பெட்டியை மாற்றுவதில்தான் பணம் வீணாகிறது.

பெரிய குறை, இந்தப் பகுதியில் திரையில் வருவது வெறும் கோடு. அர்த்தத்துக்கு மேனுவலைப் புரட்டியே ஆக வேண்டும். அதைவிட முக்கியம், எம்டிசி புகார் சொன்ன பெட்டியைக் காட்டுமே தவிர, தப்பு செய்ததைக் காட்டாது. பைலட் யோக்கில் உள்ள பட்டனை அழுத்திக் கழற்றினாலும் டிஸ்எங்கேஜ் கோடு பதிவாகும். ஏவியானிக்ஸ் (விமான எலக்ட்ரானிக்ஸ்) ஆன் செய்த நேரத்தில் விழுந்த வரிகளையும் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். ஒவ்வொரு பெட்டியும் வெவ்வேறு நேரத்தில் விழிக்கும், அதுவரை மற்றது "தகவல் வரவில்லை" என்று குறித்துக்கொள்ளும்.

ஏஹெச்ஆர்எஸ் (விமானத்தின் சாய்வையும் திசையையும் சொல்லும் அமைப்பு) தகவல் இல்லை என்று வந்தால் உடனே அந்தக் கம்ப்யூட்டரைக் கழற்றாதீர்கள். பெட்டிகளுக்கு இடையே தகவல் கொண்டுபோகும் ஆரிங்க் 429 பஸ் இரண்டே முறுக்கு ஒயர். கனெக்டரில் ஒரு பின் அரை மில்லிமீட்டர் பின்வாங்கினாலே அதே கோடு வரும். எஃப்ஜிசி மேல் சந்தேகம் என்றால், பார்ட் நம்பர் ஒன்றாக இருந்து மேனுவலும் இடம் கொடுத்தால், இடது வலது மாற்றிப் பாருங்கள். கோடு பெட்டியோடு நகர்ந்தால் பெட்டி, அங்கேயே நின்றால் கோளாறு பெட்டிக்கு வெளியே, ஒயரிங் மாதிரி இடத்தில்.

சர்வோ (கட்டுப்பாட்டுக் கேபிளை இழுக்கும் மோட்டார்) கோடுதான் ஆளை அலைக்கழிக்கும். மேலே குளிரில் கழலும், தரையில் சொன்னபடி கேட்கும். ஈரம் உறைந்திருக்கலாம், கிரீஸ் இறுகியிருக்கலாம், கேபிள் டென்ஷன் மாறியிருக்கலாம். கேபிளை எம்டிசி பார்க்காது. டென்ஷன் மீட்டரை வைத்து, அன்றைய வெப்பநிலைக்கான சார்ட்டோடு ஒப்பிட வேண்டியது நாம்தான்.

பெட்டியை ரிப்பேர் ஷாப்புக்கு அனுப்பும்போது டேகில் கோடு, எந்த ஃப்ளைட், யுடிசி (உலகப் பொது) நேரம் மூன்றையும் எழுதுங்கள். "ஆட்டோபைலட் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால், "கோளாறு இல்லை" என்ற சீட்டோடு அதே பெட்டி திரும்பி வர வாய்ப்பு அதிகம்.