மூளைப் பிரேதப் பரிசோதனைச் சேவை: ஒரு மருமகனின் மதிப்பீடு

இந்தச் சேவைக்கு மதிப்பீடு எழுதுகிறவர்கள் குறைவு. பயன்படுத்திக்கொண்டவர் எழுத முடியாது, வீட்டார்தான் எழுத வேண்டும். வீட்டாருக்கோ அந்த நேரத்தில் ஆயிரம் கவலை. நான் மருமகன் என்பதால் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க முடிந்தது. என் தொழிலும் ஒரு காரணம். வெடித்த கொதிகலன் குழாய், விரிசல் விட்ட அச்சு போன்றவற்றை வெட்டி, மெருகேற்றி, அமிலம் தடவி, நுண்ணோக்கியில் பார்த்து, ஏன் உடைந்தது என்று அறிக்கை எழுதுவது என் வேலை. அதனால் மாமனாரின் மூளையைப் பற்றி ஆய்வகம் அனுப்பிய அறிக்கையை ஒரு சக தொழிலாளியின் கண்ணோடுதான் படித்தேன். ஐந்துக்கு நான்கு தருகிறேன். அந்த ஒன்றை ஏன் பிடித்துக்கொண்டேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மாமனார் கணக்கு வாத்தியார். கடைசி சில வருடங்கள் அல்சைமர் என்ற பெயரில்தான் மருந்து சாப்பிட்டார். ஆனால் பொருந்தாத விஷயங்கள் இருந்தன. காலையில் நாளிதழ் படித்துக் கருத்துச் சொல்வார், மாலையில் பெற்ற மகளையே யாரென்று கேட்பார், மறுநாள் மறுபடி தெளிவாக இருப்பார். அறை மூலையில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்வார். பயமெல்லாம் இல்லை. "சத்தம் போடாமத்தானே இருக்காங்க, விடுங்க மாப்ளே" என்பார். நினைவு நன்றாக இருந்த காலத்திலேயே மூளையை ஆய்வுக்குத் தருவதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். நாங்கள் தயங்கியபோது, "பேப்பர் திருத்தாம மார்க் போட முடியுமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது சரிதான். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூளை எங்கே சுருங்கியிருக்கிறது என்று காட்டும். பெட் ஸ்கேனில் சில புரதங்களின் படிவும் தெரியும். ஆனால் எந்தப் புரதம், எந்தச் செல்லில், எந்தப் பகுதி வரை பரவியிருக்கிறது என்ற முழுக் கணக்கும் திசுவை வெட்டிப் பார்த்தால்தான் கிடைக்கும். மறதிக்காக உயிரோடு இருப்பவரின் மண்டையில் துளை போட யாரும் எளிதில் துணிய மாட்டார்கள். மூளையில் கட்டி என்றால் கதை வேறு. அங்கே அறுவை சிகிச்சை நடக்கும்போதே ஒரு துணுக்கைக் கண்ணாடியில் நசுக்கி, சாயம் போட்டு, சில நிமிடங்களில் பதில் சொல்கிறார்கள். நரம்பு நோயியல் நிபுணர்கள் இறந்தவர்களை மட்டுமே பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உயிரோடு இருப்பவர்களின் கட்டி, தசை, நரம்பு மாதிரிகளைப் பார்ப்பதும் அவர்களுடைய அன்றாட வேலையாம்.

சரி, சேவைக்கு வருவோம். இறப்பைச் சொன்னதும் முதலில் சொன்ன விஷயம், உடலைக் குளிரில் வையுங்கள் என்பது. கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள் மூளையை எடுத்துவிட வேண்டும், தாமதமானால் திசு தானாகவே சிதையத் தொடங்கிவிடும் என்றார்கள். அவர் முன்பே கையெழுத்திட்டிருந்தாலும் வீட்டாரின் சம்மதத்தை மறுபடி எழுதி வாங்கினார்கள். படிவத்தில் ஒரு கேள்வி எனக்குப் புதிராக இருந்தது: கடைசி மாதங்களில் நிலைமை மிக வேகமாக மோசமானதா, உடம்பு துடித்துத் துடித்து அடங்கியதா? பிரியான் என்ற தொற்றக்கூடிய புரதத்தால் வரும் கிராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் என்ற மூளை நோயாக இருக்குமோ என்று தெரிந்துகொள்ளத்தான் அது. அந்தப் புரதம், திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினுக்கு அடங்காது. சந்தேகம் இருந்தால் திசுவை ஃபார்மிக் அமிலத்தில் தனியாகப் பக்குவப்படுத்திய பிறகே மற்ற வேலையைத் தொடங்குவார்களாம். ஒரு கேள்வியில் தங்கள் ஊழியர்களையும் காப்பாற்றிக்கொள்கிறார்கள். எனக்குப் பிடித்திருந்தது.

என் மனைவிக்கு இருந்த பெரிய பயம் முகம் சிதைந்துவிடுமோ என்பது. அப்படி எதுவும் இல்லை. ஒரு காதின் பின்னாலிருந்து உச்சி வழியாக மறு காது வரை தோலை வெட்டி, வேலை முடிந்ததும் தைத்துவிடுகிறார்கள். தலையணையில் தலை வைத்தால் தையல் கண்ணில் படவில்லை. சொன்ன நேரத்துக்கு உடலையும் ஒப்படைத்தார்கள். என் மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, கடைசிவரை இதற்கு எதிராக இருந்தவர். அவரும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு நீண்ட காத்திருப்பு. புதிதாக எடுத்த மூளை கையில் பிடித்தால் குழையும், ஒழுங்காக வெட்ட வராது. ஆகவே சில சிறு துண்டுகளை மட்டும் மைனஸ் 80 டிகிரியில் உறைய வைத்துவிட்டு, மீதியை ஃபார்மலினில் இரண்டு வாரத்துக்கு மேல் ஊற வைக்கிறார்கள். வாளியில் அப்படியே போட்டால் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். அதனால் மூளையின் அடியில் ஓடும் பேசிலார் தமனிக்குக் கீழே நூலைக் கோத்து, தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். எத்தனையோ கருவிகள் வந்துவிட்ட காலத்திலும் இந்த வேலைக்கு ஒரு வாளியும் நூலும்தான்.

இறுகிய மூளையை முன்னிருந்து பின்னாக ஒரு சென்டிமீட்டர் கனத்தில் நீளக் கத்தியால் வில்லைகளாக்குகிறார்கள். கண்ணால் மட்டும் பார்த்தே எத்தனை கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு வியப்பு. நடுமூளையில் கருநிறப் பட்டை ஒன்று இருக்கும், டோபமைன் சுரக்கும் செல்கள் உள்ள இடம். மாமனாருக்கு அது வெளிறியிருந்தது. நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருந்தது, ஆனால் அல்சைமர் முற்றிய நிலையில் எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை. அப்புறம், இடது முன்மடலின் அடிப்பாகத்திலும் பக்கமடலின் நுனியிலும் மஞ்சள் பழுப்பில் குழிந்த தழும்புகள்.

அறிக்கையில் எனக்கு மிகப் பிடித்த பத்தி அந்தத் தழும்பைப் பற்றியதுதான். பழைய பக்கவாதமா, பழைய அடியா? ரத்தம் தடைபட்டு இறந்த திசுவில் மேற்பரப்பின் மெல்லிய முதல் அடுக்கு பெரும்பாலும் தப்பிவிடும். அடிபட்டதில் முதலில் போவதே அந்த அடுக்குதான், அதுவும் மடிப்பின் முகட்டில். இங்கே முகடுகள் போயிருந்தன. ஆக, அடி. உறுதிப்படுத்த பெர்ல்ஸ் சாயம் போட்டிருக்கிறார்கள். என்றோ கசிந்த ரத்தத்தின் இரும்பு திசுவிலேயே தங்கியிருந்தால் அது நீலமாக மாறும். படத்தில் பார்த்தேன்: வெளிர் சிவப்புத் தரையில் பளிச்சென்ற நீலப் பொட்டுகள். வாழ்நாள் முழுக்க இரும்போடு மாரடித்தவன் நான், மாமனார் மூளையில் இரும்பைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

"எப்போதாவது பின்மண்டை அடிபட விழுந்தாரா சார்?" என்று ஆய்வக மருத்துவர் தொலைபேசியில் கேட்டார். பின்னால் விழுந்தால் மூளை முன்னால்தான் அதிகம் நசுங்கும், மண்டையோட்டின் கரடுமுரடான அடித்தளத்தில் உரசிக்கொள்ளும் என்றார். எங்களுக்குத் தெரியவில்லை. மாமனாரின் அக்காவைக் கேட்டோம். கல்லூரி நாட்களில் மாடிப்படியில் மல்லாந்து விழுந்து ஒரு ராத்திரி முழுக்க நினைவில்லாமல் கிடந்தானே என்றார். கல்யாணத்துக்கு முன்னால் நடந்தது, மாமியாருக்கே தெரியாது.

நுண்ணோக்கிப் பகுதிக்கு வருகிறேன். மெழுகில் பதித்த திசுவைச் சில மைக்ரான் கனத்தில் சீவி, ஒவ்வொரு புரதத்துக்கும் தனித்தனி ஆன்டிபாடி போட்டு, அது ஒட்டிய இடத்தைப் பழுப்பாகக் காட்டுகிறார்கள். அலாய்ஸ் அல்சைமர் 1906ல் அகஸ்டே டீட்டர் என்ற பெண்ணின் மூளையை ஆராய்ந்தபோது வெள்ளிச் சாயத்தை நம்பித்தான் செல்லுக்குள் இருந்த புரத முடிச்சுகளைப் பார்த்தார். இப்போது அல்சைமரில் படியும் புரதங்களில் எது டௌ, எது அமிலாய்டு என்று பெயர் சொல்லிப் பிரிக்க முடிகிறது. மாமனாரின் மதிப்பெண் ஏ3 பி2 சி2. அமிலாய்டு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, டௌ முடிச்சுகள் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன, நரம்பிழைகள் சிதைந்த படிவுகள் எவ்வளவு நெருக்கம் என்ற மூன்றையும் சேர்த்துப் போடும் குறியீடு அது. மொத்தத்தில் நடுத்தர அளவு அல்சைமர் மாற்றம். இதை மட்டும் வைத்து அவர் பட்ட பாட்டை முழுதாக விளக்க முடியாது.

விளக்கியது அடுத்த வரி. ஆல்ஃபா-சைநியூக்ளீன் என்ற புரதத்துக்கான சாயத்தில் லூயி உருண்டைகள், அதாவது நரம்புச் செல்லுக்குள் அந்தப் புரதம் திரண்ட உருண்டைகள், நடுமூளையிலிருந்து மூளையின் மேற்புறணி வரை. ஃபிரெட்ரிக் லூயி 1912ல் முதலில் விவரித்ததால் அந்தப் பெயர். ஆக முக்கிய நோய் லூயி உருண்டை மறதிநோய், கூடவே அல்சைமர். வயதானவர்களின் மூளையில் இப்படி இரண்டு மூன்று நோய்கள் சேர்ந்திருப்பது சாதாரணமாம். அறை மூலைப் பிள்ளைகள், காலைத் தெளிவு மாலைக் குழப்பம், அடிக்கடி தடுமாறி விழுந்தது எல்லாம் இந்த நோயின் அடையாளங்கள்.

இன்னொன்றும் இருந்தது. பிள்ளைகள் தெரிகிறார்கள் என்று சொன்னதற்காக ஒரு மருத்துவமனையில் ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைக் கொடுத்தார்கள். இரண்டே நாளில் கட்டை மாதிரி விறைத்துப் போனார், விழுங்க முடியவில்லை. பிடிவாதம் பிடிக்கிறார், ஒத்துழைக்கவில்லை என்று அங்கே சொன்னார்கள். லூயி உருண்டை நோய் உள்ளவர்களில் பலருக்கு அந்த வகை மருந்து கடுமையாக எதிர்வினை செய்யும். அறிக்கையைப் படித்த மருத்துவர் இதைச் சொன்னபோது ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "அப்பா பிடிவாதம் பிடிக்கலை" என்று மட்டும் சொன்னாள். அப்புறம் அந்த அறிக்கையின் ஒரு நகலைத் தம்பிக்கு அனுப்பினாள்.

இப்போது குறைகள். முதலாவது, தாமதம். அறிக்கை வரப் பல மாதங்கள் ஆனது. ஊறவைப்பது, சாயமேற்றுவது எல்லாம் நேரம் பிடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பக்கூடாதா? இரண்டாவது, அறிக்கை அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவருக்குத்தான் போகிறது. வீட்டார் கேட்டு வாங்க வேண்டும். கேட்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? மூன்றாவது, மொழி. மருத்துவருக்கு மருத்துவர் எழுதிய கடிதம் அது. தொலைபேசி விளக்கம் மட்டும் இல்லையென்றால் மூன்று நட்சத்திரத்தோடு நிறுத்தியிருப்பேன். நான் விடாமல் கேட்டதால் ஸ்லைடு படங்களையும் அனுப்பினார்கள், அதிலும் இரண்டு படங்களில் அளவுகோல் இல்லை. எங்கள் ஆலையில் அளவுகோல் இல்லாமல் ஒரு படத்தை வைத்தால் அறிக்கை திரும்பி வந்துவிடும்.

யாருக்கு இது உதவும்? மறதிநோய் என்று பெயர் வைத்தும் அறிகுறிகள் ஒத்துப்போகாத குடும்பங்களுக்கு. இளவயதிலேயே நோய் வந்தவர்களின் பிள்ளைகளுக்கும், ஏனென்றால் சில வகைகள் பரம்பரையாக வரும். நோயாளிக்கே பலன் வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை.

பதிவு செய்வதானால் முன்கூட்டியே செய்துவிடுங்கள், இறந்த அன்று யாருக்கும் எதுவும் நினைவுக்கு வராது. ஆய்வகத்தார் ஆளைப் பார்த்ததே இல்லை, நாம் எழுதித் தருவதைத்தான் திசுவோடு ஒப்பிடுகிறார்கள். மருந்துகளுக்குப் படிவத்தில் விட்டிருக்கும் கட்டம் மிகச் சிறியது. எந்த மருந்தை எப்போது தொடங்கினார்கள், எப்போது நிறுத்தினார்கள், என்ன ஆயிற்று என்று தனித்தாளில் எழுதி இணைத்துக் கொடுங்கள்.