5555 என்று அச்சிட்ட கையுறையை நம்பாதீர்கள்

முகாம், மலையேற்றம், காட்டு நடை என்று கிளம்புகிறவர்கள் பாதுகாப்புக் கையுறை வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் நான் வாங்கிய கையுறை, சூட்டில் உருகி விரல்களில் ஒட்டிக்கொண்டது. பணத்தைத் திருப்பித் தரவும் மறுத்துவிட்டார்கள்.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: அசல் தோல், தீ தாங்கும், கத்தி வெட்டாது, முள் ஏறாது. கையுறையின் முதுகுப் பக்கத்தில் சுத்தியல் படம் போட்ட முத்திரை, அதன் கீழே 5555 என்ற எண். முறையாகச் சோதித்த பொருள் போலத்தான் தெரிந்தது.

விறகு பொறுக்கும்போதே முள் உள்ளே இறங்கியது. அன்று மாலை தீயின் மேலிருந்த பாத்திரத்தைப் பிடித்துத் தூக்கினேன். உள்ளங்கைப் பகுதி உடனே கொழகொழவென்று இளகி, கைப்பிடியில் பாதி, என் விரல்களில் பாதி ஒட்டியது. வலியில் கையுறையைப் பிய்த்து எறியத்தான் தோன்றும். கூட வந்தவர் விடாமல் தடுத்து, ஒட்டாத பகுதியை மட்டும் கத்தரித்துவிட்டு, குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் விரல்கள் மேல் ஊற்றிக்கொண்டே இருந்தார். அதுதான் சரியான முதலுதவி. உருகி ஒட்டியதை இழுத்தால் தோலும் சேர்ந்து வந்துவிடும். மருத்துவர்தான் அதை எடுக்க வேண்டும்.

மீதமிருந்த இன்னொரு கையுறையை வெட்டிப் பார்த்தோம். பின்னல் துணி மேல் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு, அவ்வளவுதான். ஒரு துண்டை நெருப்பில் காட்டினால் சுருங்கி உருண்டையாகிறது. அசல் தோல் அப்படி உருகாது. கருகும், முடி பொசுங்கும் நாற்றம் வரும்.

இப்போது அந்த எண்ணுக்கு வருகிறேன். சுத்தியல் படம் இஎன் 388 என்ற ஐரோப்பியத் தரத்தின் அடையாளம். அதன் கீழே வரும் நான்கு இலக்கங்களும் வரிசையாகத் தேய்மானம், வெட்டு, கிழிசல், குத்து ஆகியவற்றுக்கான மதிப்பெண்கள். வெட்டுக்கு மட்டுமே 5 வரை உண்டு. மற்ற மூன்றுக்கும் உச்சம் 4. ஆகவே 5555 என்று ஒரு கையுறை இருக்கவே முடியாது. ஆய்வகத்தின் வாசலைக்கூட மிதிக்காதவர்கள் அச்சடித்த எண் அது. 2016 முதல் இலக்கங்களுக்குப் பின்னால் ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்தும் வருகிறது. புதிய முறையில் செய்த வெட்டுச் சோதனையின் முடிவு அது. எக்ஸ் என்று இருந்தால் அந்தச் சோதனை நடக்கவில்லை அல்லது பொருந்தவில்லை என்று அர்த்தம்.

அசல் முத்திரையாக இருந்தாலும் அது சொல்லாததை நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. குத்துச் சோதனையைச் சுமார் 4.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் கம்பியின் முனையால்தான் செய்கிறார்கள். மெல்லிய முள்ளும் ஊசியும் வேறு கதை. சூட்டைப் பற்றி இஎன் 388 ஒன்றுமே சொல்வதில்லை. அதற்குத் தீச்சுடர் படம் போட்ட இஎன் 407 வேண்டும். அதிலும் இரண்டாவது இலக்கத்தைப் பாருங்கள், சூடான பொருளைத் தொடுவதற்கான மதிப்பெண் அது. 1 என்றால் 100 டிகிரி செல்சியஸ், 2 என்றால் 250 டிகிரி. அதுவும் 15 விநாடிக்குத்தான். வெட்டுத் தடுப்புக் கையுறைகள் பலவற்றில் இருக்கும் உயர்வலு பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் இழை கத்தியை நன்றாகத் தாங்கும், ஆனால் 150 டிகிரியை எட்டுவதற்குள்ளேயே உருகத் தொடங்கிவிடும். அராமிட் (கெவ்லர் வகை) இழையும் தோலும் அப்படி உருகுவதில்லை. ஈரமான கையுறையோடு எதையும் சூடாகத் தொடாதீர்கள். உள்ளே நீராவியாகிக் கையை வேகவைத்துவிடும்.

ஐரோப்பிய விதிகளுக்கு இணங்கியது என்று காட்டும் சிஇ எழுத்துகளை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். லேசான தோட்ட வேலைக் கையுறைக்குத் தயாரிப்பாளரே தன் பொறுப்பில் அதைப் போட்டுக்கொள்ளலாம். தயாரிப்பாளர் பெயர், மாதிரி எண், அளவு, கூடவே ஒரு விளக்கத் தாள், இவையெல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். தர இணக்க அறிக்கையைக் கேளுங்கள். ஒழுங்கான விற்பனையாளர் அனுப்பிவிடுவார். நான் கேட்டபோது எனக்கு வந்த பதில், "சார், இது பிரீமியம் குவாலிட்டி."

புகார் செய்ததும் முதலில் "பயன்படுத்திய பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை" என்றார்கள். அப்புறம் "நேரடிச் சூட்டுக்கு இது ஏற்றதல்ல" என்றார்கள். அதற்குள் விளம்பரத்திலிருந்து "தீ தாங்கும்" என்ற சொல் காணாமல் போயிருந்தது. ஒருவர் கையைச் சுட்ட பிறகு சத்தமில்லாமல் சொல்லை மட்டும் நீக்குகிறார்கள், அதே கையுறை இன்னும் விற்பனையில் இருக்கிறது. எனக்குப் பெரிய கோபமே இதில்தான். நான் எழுதிய விமர்சனத்தையும் எடுத்துவிட்டார்கள்.

ஆர்டர் செய்யும்போதே எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட் கையில் இருந்ததால், கார்டு கொடுத்த வங்கியில் பணப் பரிமாற்றத்தை மறுத்து விண்ணப்பித்திருக்கிறேன். நீங்களும் விளம்பரப் பக்கம் முழுவதையும் படமெடுத்து வையுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது முத்திரையும் லேபிளும் தெரியும்படி வீடியோ எடுங்கள். உருகிப்போன கையுறையைத் தூக்கிப் போடாதீர்கள், சாட்சி அதுதான்.