வேலை ஆலோசனைச் சேவை: டெஸ்ட் வீண், கணக்குத் தாள் தேறியது

கையில் இரண்டு ஆஃபர். ஒன்று கன்சல்டிங், சம்பளம் 40 சதவீதம் கூடுதல். இன்னொன்று கிடங்கில் ஆபரேஷன்ஸ் மேனேஜர். யாரைக் கேட்டாலும் சம்பளத்தைப் பார்த்துவிட்டு முதலாவதைத்தான் கைகாட்டினார்கள். சரி, காசு போனாலும் போகட்டும் என்று ஓர் ஆலோசனைச் சேவையில் பதிவு செய்தேன்.

முதலில் ஒரு பர்சனாலிட்டி டெஸ்ட். கூட்டம் பிடிக்குமா, தனிமை பிடிக்குமா என்கிற ரகக் கேள்விகள். இரண்டு வேலைக்குமே நான் பொருத்தமானவன் என்று முடிவு வந்தது. இதைச் சொல்ல டெஸ்ட் எதற்கு?

ஆனால் ஆலோசகர் போட்ட கணக்குத் தாளுக்குக் கொடுத்த காசு தகும். "மாதச் சம்பளத்தை விடுங்க, மணிக்கு எவ்வளவு வருதுன்னு பாருங்க" என்றார். கன்சல்டிங்கில் வாரத்துக்கு 60 மணி நேரம், கிடங்கில் 45 என்று வைத்ததும் அந்த 40 சதவீதம் வெறும் 5 ஆகிவிட்டது. அந்தக் கன்சல்டிங் சம்பளத்திலும் ஐந்தில் ஒரு பங்கு வேரியபிள் பே, அதாவது கட்டாயம் வரும் என்று சொல்ல முடியாத பகுதி. அது வராமல் போனால் மணிக்கு 16 சதவீதம் குறைவாகத்தான் கிடைக்கும்.

இந்த 45 எனக்கு நம்பும்படியாக இல்லை. அங்கே ஷிஃப்ட் பார்க்கும் ஒருவரிடமே விசாரிக்கச் சொன்னார். மாதக் கடைசியில் சரக்கு அனுப்பி முடிக்கிறவரை யாரும் கிளம்ப முடியாது, லாரி வராவிட்டால் ராத்திரியிலும் போன் வரும் என்று தெரிந்தது. 52 என்று மாற்றிப் போட்டோம். வேரியபிள் முழுதாக வந்தால் கன்சல்டிங் 21 சதவீதம் மேலே, வராவிட்டால் 3 சதவீதம் கீழே. இப்போதுதான் கணக்கு நேர்மையாக இருந்தது.

இரண்டு இடத்திலும் கேட்பதற்குக் கேள்விகளும் எழுதிக் கொடுத்தார். யாரிடமும் கேட்காமல் நானே எதை மாற்றலாம் என்று கிடங்கில் கேட்டேன். ஷிஃப்ட் ரோஸ்டர், எந்த லாரிக்கு எந்த டாக் (சரக்கு ஏற்றி இறக்கும் இடம்) என்பதெல்லாம் என் முடிவுதான் என்றார்கள். கடைசியாகச் செய்த ப்ராஜெக்டின் பரிந்துரைகள் என்ன ஆயின என்று கன்சல்டிங்கில் கேட்டேன். "ரிப்போர்ட் கொடுத்ததும் நம்ம வேலை முடிஞ்சுது" என்றார் மேனேஜர். எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது. கிடங்குதான்.

குறையும் உண்டு. ஆலோசகரே முன்னாள் கன்சல்டன்ட் என்பதால் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வார். "ரெண்டு வருஷம் பண்ணிட்டு ஆபரேஷன்ஸுக்கு மாறிக்கலாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆபரேஷன்ஸ் அனுபவத்தோடு கன்சல்டிங்குக்குப் போகிறவர்களைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். எழுத்து வடிவ அறிக்கையோ, நான் பதில் சொல்ல வேண்டிய கெடு முடிந்த பிறகு வந்தது. பாதிக்கு மேல் அந்த டெஸ்ட் முடிவேதான்.

போகிறவர்கள் டெஸ்ட் வேண்டாம், கலந்துரையாடல் மட்டும் போதும் என்று முதலிலேயே கேட்டுப் பாருங்கள். ஆஃபர் லெட்டர்களை முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் அதைப் படித்துக் காட்டவே பாதி நேரம் போய்விடும்.