ஹவுஸ் சர்ஜன் முடிகிறது: நீட் பிஜியா, அமெரிக்க மேட்ச்சா?

எம்பிபிஎஸ் படிப்பின் முடிவில் மருத்துவமனையில் பயிற்சி டாக்டராக இருக்கும் ஹவுஸ் சர்ஜன் வருடத்தின் கடைசி மாதங்களில் டியூட்டி ரூமில் பேச்சு ஒன்றுதான்: மேற்படிப்புக்கு இங்கே நீட் பிஜி நுழைவுத் தேர்வா, மேட்ச் என்ற முறையில் அமெரிக்க மருத்துவமனையில் பயிற்சி இடமா? படிப்பில் கெட்டி என்றால் நீட், கையில் காசிருந்தால் அமெரிக்கா என்று யாராவது தீர்ப்புச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். என்னைக் கேட்டால், இந்த இரண்டு வழிகளும் தேடுவது இரண்டு வேறு ஆட்களை.

நீட் பிஜியில் உங்கள் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. 200 கேள்வி, மூன்றரை மணி நேரம், சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு; ரேங்க் வந்ததும் நேராகக் கவுன்சலிங். நேர்காணலே கிடையாது. சர்ஜரி வார்டில் ராத்திரி முழுக்க நின்றவருக்கும், லாக் புக்கில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு விடுதியில் கேள்வி வங்கியோடு உட்கார்ந்தவருக்கும் அங்கே வித்தியாசமில்லை. போஸ்டிங்குக்கு மட்டம் போடும் கலை வளர்ந்ததே இதனால்தான். ஆனாலும் இதில் ஒரு நியாயம் இருக்கிறது: அப்பா யார், யாரைத் தெரியும் என்று எவரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போக, மாநிலத்துக்கு மிஞ்சும் பாதியிலும் பாதி அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு. அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு எழுதுவது தோற்றவர்கள் போகும் வழி அல்ல.

இதில் பெரிய தொல்லை தேதி. 2024-இல் ஜூன் 23 நடக்க வேண்டிய தேர்வை முந்தைய நாள் இரவு தள்ளிவைத்தார்கள். ரயிலேறி வெளியூர் மையத்துக்குப் போயிருந்தவர்கள் லாட்ஜில் உட்கார்ந்து செய்தி பார்த்தார்கள். நடந்தது ஆகஸ்ட் 11. மறு வருடம் ஒரே ஷிஃப்டில் நடத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட, ஜூன் 15 ஆகஸ்ட் 3 ஆனது.

அமெரிக்கக் காலண்டர் அப்படி அசையாது. செப்டம்பரில் விண்ணப்பம், அக்டோபரிலிருந்து ஜனவரி வரை நேர்காணல், மார்ச் மூன்றாம் வெள்ளி யாருக்கு எந்த இடம் என்று தெரியும் மேட்ச் டே, ஜூலையில் வேலை. அதற்கு எழுத வேண்டிய அமெரிக்க உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1-க்கு 2022 ஜனவரி முதல் மதிப்பெண் இல்லை, பாஸ் ஃபெயில்தான். அதனால் ஸ்டெப் 2 மதிப்பெண்ணின் மீதும், சிபாரிசுக் கடிதங்களின் மீதும் கனம் ஏறிவிட்டது. அந்தக் கடிதத்தை அங்கே உங்களோடு வேலை பார்த்த டாக்டர் எழுதினால்தான் மதிப்பு. மாணவராக இருக்கும்போதே அங்குள்ள மருத்துவமனையில் சில வாரப் பயிற்சிக்கு (எலெக்டிவ்) போனால் நோயாளியைத் தொட்டுப் பார்க்கலாம்; பட்டம் வாங்கியபின் பெரும்பாலும் அப்சர்வர்ஷிப், கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்பது. இது பலருக்கு ஹவுஸ் சர்ஜன் முடிந்த பிறகுதான் தெரியவருகிறது.

அப்புறம் நேர்காணல். போன வருடம் ஒரு ஜூனியருக்கு ஜூமில் ஒத்திகை எடுத்தேன். "மறக்க முடியாத நோயாளி யார்?" என்று கேட்டதும் நோயின் வகைப்பாட்டை ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டான். "தம்பி, வைவா இல்லை இது" என்று நிறுத்தினேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அக்கா, அரளி விதை கேஸ் ஒண்ணு சொல்லவா?" என்றான். நள்ளிரவில் வந்த பெண், ஈசிஜியில் பி அலை ஒரு பக்கம், க்யூஆர்எஸ் ஒரு பக்கம், அதாவது இதயத்தின் மேலறையும் கீழறையும் தனித்தனியாகத் துடிக்கின்றன. அட்ரோபின் போட்டுவிட்டு, பேஸ்மேக்கருக்கு ஆள் வரும்வரை மணிக்கட்டைப் பிடித்தபடி அவன் உட்கார்ந்திருந்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "எங்க வீட்டுல சொல்லிட்டீங்களா?" இதை எந்தக் கேள்வி வங்கியிலும் படிக்க முடியாது. நீட்டில் செல்லாக்காசான அந்த ராத்திரி இங்கே செலாவணி ஆகிறது.

2020-லிருந்து பெரும்பாலான நேர்காணல் வீடியோவில்தான், விமானச் செலவு மிச்சம். நேரத்தில் மட்டும் கவனம்: நியூயார்க்கில் காலை 8 என்றால் அக்டோபரில் நமக்கு மாலை 5.30. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் அதுவே 6.30.

முடிவில் பிடித்த மருத்துவமனைகளை நீங்களும் வரிசைப்படுத்திக் கொடுப்பீர்கள், அவர்களும் உங்களை வரிசைப்படுத்துவார்கள். இரண்டு வரிசையையும் பொருத்தும் கணக்குமுறை விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்து தொடங்குவது. எனவே "இங்கே கிடைக்குமா" என்று பயந்து பிடித்த இடத்தைக் கீழே போடுவது வீண்.

டெர்மா (தோல்), ரேடியாலஜி (ஸ்கேன்), ஆர்த்தோ (எலும்பு) என்று கனவிருந்தால் நீட்டையே எழுதுங்கள். அமெரிக்காவில் வெளிநாட்டுப் பட்டதாரிக்கு அந்தக் கதவுகள் திறப்பது கடினம். மெடிசின், குழந்தை மருத்துவம், ஃபேமிலி மெடிசின் போதும் என்பவருக்கு அமெரிக்கா சரிப்படும். ஜே-1 என்ற பயிற்சி விசாவில் போனால் பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் ஊர் திரும்பும் நிபந்தனை உண்டு. விலக்கு வாங்க, டாக்டர் பற்றாக்குறை உள்ள ஊரில் மூன்று வருடம் வேலை பார்ப்பது வழக்கமான வழி.

இரண்டுக்கும் சேர்த்தே படிக்கிறேன் என்பவர்களைத்தான் நான் நம்புவதில்லை. ஆகஸ்டில் நீட், செப்டம்பரில் விண்ணப்பம். அரளி விதைத் தம்பியும் முதல் வருடம் அப்படித்தான் இரண்டையும் விட்டான்.